மலைக்குப் போக ஏற்ற மாதம்

மலைக்குப் போகிறவர்கள் உண்டு, போகாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராத மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது: மலைக்குப் போக ஏற்ற பருவத்தை ஆராய்ந்துகொண்டே இருப்பவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

கோடையில் போகலாமே என்றால் சிரிப்பார். "ஊரே அங்கதான் நிக்கும். அடுத்தவன் முதுகைப் பாக்கவா மலை ஏறணும்?" மழைக்காலம் என்றால் மண்சரிவு, அட்டைக்கடி, குளிர்காலம் என்றால் மூட்டுவலி, மூடுபனி, பக்கத்தில் நிற்கும் மனைவியே கண்ணுக்குத் தெரியமாட்டாள், ஆனால் மழை ஓய்ந்து குளிர் பிடிப்பதற்கு முன்னால் கொஞ்ச நாள் வருகிறது பாருங்கள், அதுதான் அசல் பருவம், விவரம் தெரிந்தவன் அப்போதுதான் போவான். அது எப்போது வரும்? போன வாரம்தான் முடிந்திருக்கும்.

கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் சுவரிலுள்ள எழுத்துகளை வாசித்து முடிப்பதற்குள் இவ்வளவையும் கேட்டுவிடுவார்கள். பலர் இவர் சொல்கேட்டுப் போய்வந்து நன்றியும் சொன்னார்கள். இவர் மட்டும் போகவில்லை. மகளுக்கு வாங்கிய ஸ்வெட்டர் ஒரு குளிரையும் காணாமலே சின்னதாகிப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த வருடம் மகளுக்குத் தொலைதூரத்தில் வேலை கிடைத்தது. அவள் கிளம்புமுன் மனைவி மூன்று டிக்கெட் எடுத்துவிட்டார். அடைமழை நேரம்.

"இந்த மழையிலயா? பைத்தியமா உனக்கு?"

"ஆமாங்க. தெளியறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம். வாங்க."

கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா? இவர் போகவில்லை. தாயும் மகளும் போனார்கள்.

மறுநாள் இவர் கடையிலிருந்து மனைவிக்குப் போன் செய்தார். "மழை எப்படி?"

"கொட்டுது."

இவர் முகம் மலர்ந்தது. "நான்தான் சொன்னேன்ல? ஒண்ணும் பாத்திருக்க மாட்டீங்களே?"

"ஒண்ணும் பாக்கலைங்க. ஜன்னலைத் திறந்தா பனி உள்ள வந்துடுது. ரெண்டு பேரும் ஒரே போர்வையில உக்காந்திருக்கோம்."

பின்னால் மகள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அவள் அப்படிச் சிரித்து இவர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"எதுக்குச் சிரிக்கிறா?"

மனைவிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "சொன்னா புரியாதுங்க. நீங்க இங்க இருந்திருக்கணும்."

போனை வைத்த பிறகும் இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், சும்மா ஒரு பேச்சுக்கு, "மலைக்குப் போக எந்த மாசம் சார் நல்லது?" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக, "தெரியலை" என்று பதில் வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். "எங்கயாவது போலாமா?" என்று உங்கள் வீட்டில் கேட்டபோதெல்லாம் "பாக்கலாம்" என்று சொல்லிவந்தீர்களே, கொஞ்ச நாளாக அந்தக் கேள்வியே வருவதில்லையோ? நிம்மதியாக இருக்கிறதோ?

ஜாக்கிரதை. உங்கள் வீட்டிலும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது.