ஒரு கல்லுக்கு மூன்று திருடர்கள்

நினைவு ஆராதனைக்கு மணி அடிக்க வேண்டிய வேளையில், நினைவுக் கல்லையே காணவில்லை.

அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்குக் கல்லறை கிடையாது. தேவாலயச் சுவரில் பெயர் வெட்டிய ஒரு கல், அவ்வளவுதான். திமிங்கில வேட்டைக்குப் போன கேப்டன் ஏபல் விங்கின் கப்பலைப் பற்றி ஐந்து வருடமாக ஒரு தகவலும் இல்லை. அவர் பெயரை வெட்டி, சுவரில் பதிப்பதற்காகத் தேவாலய வாசலில் சாத்தி வைத்திருந்த கல் காலையில் ஆராதனைக்கு வந்து பார்த்தால் இல்லை.

கேப்டனின் மகள் கெசையாவுக்குப் பதின்மூன்று வயது. "அப்பாவுக்குக் கல் வைக்கக் கூடாது" என்று முந்தின நாள் ஊர் கேட்க அழுதவள். ஆனால் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்த அம்மா லிடியாவைப் பார்த்ததும் அவளுக்கு மனசு தாங்கவில்லை. திருடனைத் தானே பிடித்துவிடுவது என்று கிளம்பினாள்.

வாசற்படியில் வெள்ளைத் தூள் சிந்தியிருந்தது. கல்தச்சர் குரோவரின் சட்டைக் கையிலும் அதே தூள்.

"மாமா, நீங்கதானே எடுத்தீங்க?"

குரோவர் அவளையே பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"ஆமாம்மா. பேரைத் தப்பா வெட்டிட்டேன். கடல்ல போட்டுட்டேன்."

கெசையா ஓடிப்போய்க் காவலர் பார்னார்டைக் கூட்டி வந்தாள். அவர் குரோவரின் கையைப் பிடித்ததுதான் தாமதம், பாதிரியார் பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"அவரை விடுங்க. எடுத்தது நான். மணிக்கூண்டுல வச்சிருக்கேன்."

பார்னார்ட் மணிக்கூண்டில் ஏறி, தலையெல்லாம் ஒட்டடையோடு இறங்கினார்.

"ஐயா, அங்க புறாதான் இருக்கு."

"அப்ப வேற எங்கயாவது வச்சிருப்பேன்."

லிடியா எழுந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் எனக்காகப் பொய் சொல்றாங்க. எடுத்தது நான்தான். அவர் செத்துட்டாருன்னு கல்லுல படிக்க என்னால முடியல."

"ஒரு கல்லுக்கு மூணு திருடனா? நான் யாரைத்தான் பிடிக்கிறது?" என்று பார்னார்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் கெசையா கவனித்தாள். மூன்று பேரும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தொட்டால் உடைந்துவிடும் பீங்கானைப் பார்ப்பதுபோல.

"அம்மா, நான் எடுக்கல."

"நீ எடுக்கலையா?" என்றாள் லிடியா.

"நீதான் எடுத்திருப்பியோன்னு உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டே இருந்தேம்மா. அதான் வேற யாரையாவது கண்டுபிடிச்சிரலாம்னு..."

லிடியா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். குரோவர் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் வேதப் புத்தகத்தைப் பார்த்தார்.

சிப்பி விற்கும் டார்கஸ் கூடையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அந்தக் கல்லையா தேடுறீங்க? காலைக் கப்பல்ல வந்து இறங்கின தாடிக்காரர் ஒருத்தர் அதைப் படிச்சுப் பார்த்துட்டு, 'இது என்னுது'ன்னு தோள்ல தூக்கிட்டுப் போனாரே. இப்ப நாவிதர் கடையில உக்காந்திருக்காரு. தாடியோட போனா பொண்டாட்டி பயந்துடுவாளாம்."