போனை எடுக்க விடாத பால்வண்டிக்காரி

தியெப்,
நவம்பர் மாதம், புதன்கிழமை.

லிமோஜ் நகரில் வசிப்பவரும், சர்க்கரையும் கோபமும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டாமல் இருக்க வேண்டும் என்று நான் நாள்தோறும் விரும்புகிறவருமான மதிப்புக்குரிய சகலை எவாரிஸ்த் அவர்களுக்கு, ஃபிர்மேன் ஒசான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் சொலான்ஜும் நலம். இந்த ‘நலம்’ எல்லாரும் கடித வழக்கத்துக்காக எழுதுகிற நலம் இல்லை. படாத பாடுபட்டுக் கிடைத்த நலம். அது எப்படிக் கிடைத்தது என்பதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். அவ்விடம் நீங்களும், என் கொழுந்தியாள் ஜினெத்தும், உங்கள் வீட்டுப் பூனையும் நலமென்றே நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசுவீர்கள். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை.

விஷயம் இதுதான்: ஒரு சினிமா. நம்ம நாட்டு சினிமா. நம்ம பிரெஞ்சு பாஷையில் எடுத்தது. போன கோடையில், உங்கள் மகள் கல்யாண விருந்தில், நீங்கள் எல்லார் முன்னாலும் கையில் கோப்பையோடு சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. “நம்மாளுங்க எடுக்கிற படத்துல ரெண்டு பேர் ஜன்னலோரமா உட்கார்ந்து காபி குடிப்பாங்க, சிகரெட் பிடிப்பாங்க, மழையைப் பார்ப்பாங்க, அப்புறம் பிரிஞ்சு போயிடுவாங்க. எதுக்குச் சேர்ந்தாங்க, எதுக்குப் பிரிஞ்சாங்கன்னு அவங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது” என்றீர்கள். நானும் கைதட்டினேன். அந்தக் கைதட்டலை இந்தக் கடிதத்தின் மூலம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

சொலான்ஜுக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்ததை உங்களிடம் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு முடிவைச் சொல்வதாகப் பேச்சு. அன்றைக்குச் சாப்பாட்டு மேஜைமேல் போனை வைத்துக்கொண்டு, அது ஏதோ முட்டை, இப்போது குஞ்சு பொரிக்கும் என்பதுபோல் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூப் ஆறிப்போனது. “நீ மொறைச்சா அது சீக்கிரம் அடிச்சிருமா? டெஸ்ட்டுக்கு வர்ற பிள்ளைங்களை மொறைச்ச மாதிரி மொறைக்காதே, அது பயந்து நின்னுடும்” என்றாள் சொலான்ஜ். நான் முப்பது வருஷம் டிரைவிங் லைசென்ஸ் டெஸ்ட் எடுத்தவன்; முறைப்பது என் முகத்தின் அமைப்பு, அதற்கு நான் பொறுப்பில்லை. கடைசியில் அவளே எழுந்து, “கிளம்பு. இந்த வீட்டுல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா நான் சுவரைக் கடிச்சிடுவேன்” என்று சொல்லி, போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வெளியே மழை. கடற்கரையில் நடக்கலாம் என்று பார்த்தால் காற்று என் தொப்பியைப் பிடுங்கி இங்கிலாந்துப் பக்கம் அனுப்பிவிட்டது. ஒதுங்க இடம் தேடித் துறைமுகத்துப் பக்கத்துச் சின்னத் தியேட்டர் வாசலில் போய் நின்றோம். அங்கே ஒரு சுவரொட்டி. பனி, பச்சை இல்லாத மலை, ஒரு பழுப்பு மாடு நம்மைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. படத்தின் பெயர் ‘வெதுவெதுப்பான பால்’. சொலான்ஜுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பண்ணை, மாடு, பாலாடைக்கட்டி செய்முறை என்று ஏதோ விவசாயப் படம் என்று நினைத்துவிட்டாள். நானும்தான். இருந்தாலும் அவள் ஜாக்கிரதைக்காரி அல்லவா, டிக்கெட் கொடுக்கிற பெண்ணிடம் கேட்டாள்:

“ஏம்மா, இதுல யாராவது சாவாங்களா?”

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, “மாடு எதுவும் சாகாது மதாம்” என்றாள்.

நாங்களும் நிம்மதியாக உள்ளே போய் உட்கார்ந்தோம்! சகலை, அந்தப் பதிலை நான் கவனித்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க ‘நான் பிரேக்கை மிதிச்சேன் ஐயா, அதுதான் பிடிக்கல’ மாதிரியான பதில்களைக் கேட்டவன் நான்.

எங்களுக்குப் பின்வரிசையில் மீன் கடை ரொசாலி. என்னிடம் மூன்று தடவை டெஸ்ட்டில் தோற்று, நாலாவது தடவை வேறு அதிகாரியிடம் போய் லைசென்ஸ் வாங்கியவள். ரோட்டில் என்னைப் பார்த்தால் வேண்டுமென்றே ஹாரன் அடிப்பாள். அவளும் நானும் ஒரே கூரைக்குக் கீழே சமாதானமாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. விளக்கு அணைந்தது.

படத்தைப் பற்றிச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், முதல் கால் மணி நேரத்துக் கதையைத் தாண்ட மாட்டேன். ஜூரா மலையில் ஒரு பெண் பால்வண்டி ஓட்டுகிறாள். விடியற்காலையில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை வாங்கி ஏற்றிக்கொள்வது அவள் வேலை. ஒரு பண்ணையில் வயசான ஆள் ஒருத்தர், பெண்டாட்டி இல்லாதவர், தனியாக இருக்கிறார். ஒருநாள் அவரைக் காணோம். கதவு சாத்தியிருக்கிறது. ஆனால் பால் கேன் வழக்கமான இடத்தில் நிரம்பி நிற்கிறது. கையை வைத்துப் பார்க்கிறாள், சூடு ஆறவில்லை. மறுநாளும் அப்படித்தான். கிழவரைக் காணோம், மாடுகளை யாரோ கறந்திருக்கிறார்கள், முற்றத்துப் பனியில் அவள் பூட்ஸ் தடத்தைத் தவிர வேறு தடமே இல்லை. அப்போ கறந்தது யார்? அவ்வளவுதான் கதை. துப்பாக்கி கிடையாது, கார் பறந்து போய் வெடிக்கிறது கிடையாது. பின்னணி இசைகூடக் கிடையாது சகலை! பால் சொட்டுகிற சத்தம், வண்டி இஞ்சின் உறுமல், மாட்டு மணி, இவ்வளவுதான். அந்த மணிச் சத்தம் நின்னா போதும், நம்ம மூச்சும் நின்னுடும்.

அந்தப் பால்வண்டிக்காரியாக நடித்த பெண்ணைப் பற்றித் தனியாக ஒரு கடிதம் எழுதலாம். அழகி என்று சொல்ல மாட்டேன். பயப்படும்போது அவள் கத்துவதில்லை. கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொள்கிறாள். அதைப் பார்த்து எனக்கு முதுகு சில்லிட்டது. இன்னொன்று: சினிமாவில் வண்டி ஓட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் இருக்கிறவரைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள், திருப்பத்தில் விளக்குப் போட மாட்டார்கள். இந்தப் பெண் உறைந்த ரோட்டில், சரிவில், லாரியைப் பின்னால் எடுக்கிறாள் பாருங்க, கண்ணாடி பார்த்து, நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்துட்டு, மறுபடி ஏறி. நான் என்னையறியாமல் “பாஸ்!” என்று சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து ரொசாலி, “எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். தியேட்டரே சிரித்தது. அதற்குப் பிறகு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

ஏனென்றால் அந்தப் பண்ணை வீட்டுக்குக் கீழே பாலாடைக்கட்டி முதிர வைக்கிற நிலவறை ஒன்று இருக்கிறது. அவள் இறங்குகிறாள். கல்படி. கையில் சின்ன டார்ச். படி முடிகிற இடத்தில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாகச் சீட்டியடிக்கிற சத்தம். ரொசாலி என் தோளைப் பிடித்துவிட்டாள். அந்தக் கையில் நூறு ஹெர்ரிங் மீன் வாசனை, இருந்தாலும் அந்த நேரத்தில் யாராவது நம்மைப் பிடித்துக்கொண்டால் நல்லதாகத்தான் இருந்தது. பால்வண்டிக்காரி கைப்பிடிமேல் கை வைக்கிறாள்.

சொலான்ஜின் கைப்பையில் போன் அடித்தது.

எல்லாரும் திரும்பினார்கள். அவள் போனை வெளியே எடுத்தாள். நம்பர் தெரியாத அழைப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து அப்படித்தான் வரும். நான், “அவங்கதான். ஓடு, வெளிய போய்ப் பேசு, நானும் வர்றேன்” என்று காதில் சொன்னேன். சொலான்ஜ் கையிலிருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள், நிமிர்ந்து திரையைப் பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். அப்புறம் கட்டை விரலால் அழுத்தி அணைத்துவிட்டாள்.

“பைத்தியமா உனக்கு?” என்றேன்.

“சும்மா இரு. அவ கதவைத் தொறக்கட்டும்.”

கோபம் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் விட்டுவிட்டு நானும் திரையைப் பார்த்தேன். வேறு என்ன செய்ய? அவள் கதவைத் திறந்துகொண்டிருந்தாள்!

படம் முடிந்து வெளியே வந்து கூப்பிட்டால், அலுவலகம் மூடிவிட்டது, திங்கட்கிழமை கூப்பிடுங்கள் என்று பதிவு செய்த குரல் சொல்கிறது. மழையில் நின்றுகொண்டு ரொசாலிக்கும் விஷயத்தைச் சொல்லும்படி ஆகிவிட்டது. அவள் சொலான்ஜை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நானா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்” என்று சொல்லி, எங்களைத் தன் வண்டியிலேயே வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அவள் ஓட்டியதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. நன்றியுள்ளவன்.

அந்த சனி, ஞாயிறு எப்படிப் போகுமோ என்று நடுங்கினேன். ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் சொலான்ஜ் கோட்டைக்கூடக் கழற்றாமல், “அந்த ஆளு சீட்டியடிச்சது முதல் காட்சியிலேயே கேட்டுதே, நீ கவனிச்சியா?” என்றாள். இல்லை என்றேன். கேட்டது என்றாள். சண்டை. சாப்பாட்டு மேஜைமேல் ரொட்டித் துண்டுகளை அடுக்கி மாட்டுக்கொட்டில் கட்டினாள். ஆப்பிள் மது பாட்டில் அந்த மலையூர் மாதா கோயில் கோபுரம். உப்புக் குப்பி பால்வண்டி. பனியில் தடம் இல்லாமல் ஒரு ஆள் எப்படிப் போய்வர முடியும் என்று நான் உப்புக் குப்பியைப் பின்னால் எடுத்து எடுத்துக் காட்டினேன். சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டு ஜன்னல் நேரமாகியும் திறக்கவில்லை என்று போய்க் கதவைத் தட்டி, உள்ளாடையோடு வந்த மனிதரிடம், “உயிரோடதான் இருக்கீங்களா?” என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே படத்துக்குப் போனோம். சீட்டிச் சத்தம் முதல் காட்சியிலேயே இருக்கிறது, சகலை. அவள் சொன்னதுதான் சரி. எல்லாமே நம் கண் முன்னால்தான் காட்டுகிறார்கள். நாம்தான் மாட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். என்ன மூளை அந்த இயக்குநருக்கு! சின்னப் பெண்ணாம், முதல் படமாம்.

இரண்டாவது தடவை நிலவறைக் காட்சியில் சொலான்ஜ் என் கையைப் பிடித்திருந்தாள். திரும்பிப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள். “என்ன, உனக்குத்தான் என்ன நடக்கும்னு தெரியுமே” என்றேன். “அந்தக் கதவுக்குப் பின்னால என்னன்னு தெரியும். நாளைக்குக் காலையில என்னன்னு தெரியாதே” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அவங்க என்ன சொன்னாலும் சொல்லட்டும், ஃபிர்மேன். அன்னைக்கு எடுத்திருந்தா இந்த ரெண்டு நாளும் கட்டியைப் பத்தியே பேசியிருப்போம். இப்போ பால்வண்டிக்காரியைப் பத்திப் பேசினோம்” என்றாள். நான் அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.

திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டோம். ஆபத்தில்லாத வீக்கம்தானாம், வசந்த காலத்தில் ஒரு தடவை வந்து காட்டினால் போதுமாம். போனில் பேசிய அம்மாள், “நல்ல சேதியாச்சேன்னு வெள்ளிக்கிழமையே கூப்பிட்டேன் மதாம், நீங்கதான் எடுக்கல” என்றாள். அதற்கு சொலான்ஜ், “மன்னிக்கணும், அப்போ நான் ஒரு பண்ணையில நிலவறைக்கு இறங்கிட்டு இருந்தேன்” என்றாள். பொய்யில்லையே! அப்புறம் போனை வைத்துவிட்டு, “பசிக்குது” என்றாள். பல நாள் கழித்து அவள் அந்த வார்த்தையைச் சொல்லிக் கேட்டேன். ஒரு பெரிய சட்டி நிறையச் சிப்பி வேகவைத்து, ஓடு மலையாய்க் குவியும்வரை இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஆகவே, சகலை, உங்களைக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். லிமோஜில் இந்தப் படம் அடுத்த வாரம் வருகிறது, விசாரித்துவிட்டேன். போங்க. ஜன்னலோரக் காபி இதில் ஒரு சொட்டு இல்லை. நடு வரிசையில் உட்காருங்க. முன்கூட்டி யாரிடமும் எதையும் கேட்காதீங்க, சுவரொட்டியைக்கூட உற்றுப் பார்க்காதீங்க. ஒன்றுமே தெரியாமல் போனால்தான் அந்தக் கதவு உங்களுக்கும் திறக்கும். நான் வாயைத் திறக்க மாட்டேன்; அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதியும் முடிவை விழுங்கிவிட்டேன்.

உங்கள் மூட்டுவலி கப்பலேறிப் போகட்டும். தோட்டத்து ஆப்பிள் புழுவில்லாமல் பழுக்கட்டும். வீட்டில் எல்லாருக்கும் எங்கள் இருவரின் முத்தங்கள்.

என்றும் உங்கள்,
ஃபிர்மேன் ஒசான்

பி.கு.: தபால்தலை வாங்கக் கீழே போய்விட்டு இப்போதுதான் வந்தேன். சொலான்ஜ் உங்கள் மனைவியோடு போனில் இருக்கிறாள். வாசலில் என் காதில் விழுந்த கடைசி வாக்கியம்: “அப்போ மாடுகளைக் கறந்தது யாருன்னு நெனைக்கிற ஜினெத், அந்தத் தபால்காரன்தான்!” கட்டி விஷயத்தையும் சொல்லிவிட்டாளாம். ஜினெத் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்கூட எதையும் வயிற்றில் வைத்திருக்க மாட்டாள் என்பதால் இந்தக் கடிதம் வருவதற்குள் உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். ஒருவேளை தெரியவில்லையென்றால் ஜினெத் உங்களோடு பேசாமல் இருக்கிறாள் என்று அர்த்தம். முதலில் என்ன தப்பு செய்தீர்கள் என்று கேட்டு மன்னிப்புக் கேளுங்க. அட கடவுளே, இப்போது நானே எழுதிவிட்டேனே. பேனாவில் எழுதியது, அழிக்க வழியில்லை. இன்னொரு தடவை எழுதக் கையிலும் தெம்பில்லை. மேலே உள்ள வரியைப் படிக்காமல் தாண்டிப் போங்க.