சாம்பிள் இல்லாமல் வாங்கிய பிளக்

பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னால்கூட மன்னித்துவிடுவார்கள். நான் சொன்ன பொய் வேறு ரகம். "வண்டி வேலை எல்லாம் எனக்கு அத்துப்படி மாமா" என்றேன். (துறைமுகத்தில் கம்ப்யூட்டரில் கன்டெய்னர் நம்பர் தட்டுகிறவன் நான். ஸ்கூட்டர் பஞ்சர் ஆனாலே தள்ளிக்கொண்டுதான் போவேன்.)

மாமா காலடிப்பேட்டைக்காரர், மணலியில் டேங்கர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மகள் ஸ்டெல்லாவைவிட மூத்த கார் ஒன்று அவரிடம் இருந்தது. அதில்தான் அவள் கல்யாணத்துக்குக் கோயிலில் வந்து இறங்க வேண்டும் என்று பிடிவாதம். பத்து நாள் இருக்கையில் அவருக்குக் கண் ஆபரேஷன். கருப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்.

"நீ கீறப்போ எனக்கு இன்னா கவலை மாப்ள? பிளக்கு நாலு, இன்ஜின் மேல்மூடிக்கு கேஸ்கட்டு ஒண்ணு. வாங்கியாந்து நீயே மாட்டிடு. பழச எடுத்துகினு போ, சாம்பிளுக்கு."

"எதுக்கு மாமா? எனக்குத் தெரியாததா?"

இந்த வாய் இருக்கிறதே!

ராயபுரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாய் கேட்ட முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். "பிளக்கு நீட்டா, குட்டையா? சாம்பிள் கீதா?"

"இல்ல பாய்."

"வூட்டுக்கு போன் அட்ச்சி கேளு நைனா."

கேட்டால் குட்டு உடையும், கல்யாணம் நிற்கும். நீளமென்றால் பிடிப்பு அதிகம் என்று நானாகவே முடிவு செய்து நீளத்தை வாங்கினேன். கேஸ்கட்டில் பெரியதை எடுத்தேன், மிஞ்சினால் வெட்டிக்கொள்ளலாமே. (வெட்டினேன். மாமியாரின் தையல் கத்தரிக்கோலால். இரண்டையும் எப்படியோ மாட்டியும்விட்டேன்.)

மறுநாள் காலை குடும்பமே காரைச் சுற்றி நின்றது. தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோணியாரிடம், தொலையப்போகிற என் மானத்தைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுச் சாவியைத் திருகினேன்.

டங்!

"நிறுத்து!" என்று மாமா அலறினார்.

ஸ்டெல்லா ஸ்பேனரை எடுத்தாள். ஒரு பிளக்கைக் கழற்றி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள். பிஸ்டன் இடித்து அதன் நுனி நசுங்கியிருந்தது. அவர் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எழுந்து போய், மூடிக்கு வெளியே பிசிறடித்த கேஸ்கட்டையும் தடவினார்.

"சாம்பிள் எடுத்துகினு போனியா?"

"இல்ல மாமா. எனக்கு வண்டியப் பத்தி ஒண்ணுமே தெரியாது." அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டெல்லா கையைத் துடைத்தபடி சொன்னாள்: "கண்ணாலம் எனக்குப்பா, காருக்கு இல்ல. நா மாட்டிக்கிறேன்."

பழையதைக் காட்டிச் சரியானதை வாங்கிவந்து அவளே மாட்டினாள், அதே காரில் வந்து இறங்கினாள். ஆனால் அன்றிலிருந்து நான் காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பினாலும் மாமா குரல் கொடுப்பார்: "சாம்பிள் எடுத்துகினியா மாப்ள?"

போன வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தது. "யாரு அப்பா?" என்று கேட்டபடி நர்ஸ் குழந்தையோடு வந்தார். நான் கையை நீட்டினேன். பின்னாலிருந்து குரல்:

"பார்த்துக் குடும்மா. எங்க மாப்ள சாம்பிள் இல்லாம வந்துகீறாரு."

நர்ஸ் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு துணியை விலக்கி, குழந்தையின் கையில் கட்டியிருந்த பெயர்ச்சீட்டைச் சரிபார்த்தார்.