ஒரே நம்பரில் இரண்டு கோட்டு

இனிமேல் ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் எழுப்பினாலும் எழுந்திருப்பதில்லை என்று நம் புரோகிராமர் முடிவு கட்டினார். கூரையே இடிந்து விழுந்தாலும் சரி, கட்டிலோடு சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வீராவேசமான முடிவுதான். ஆனால் மனைவி பக்கத்தில் இருந்ததால் மனசுக்குள்ளேயே எடுத்துக்கொண்டார்.

மனைவி வீட்டின் முன்பக்கத்தில் சலவைக் கடை நடத்துகிறாள். மற்ற நாட்களில் அவளும் அவள் தங்கையும் சமாளித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே தன் அழுக்கை மூட்டை கட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கும். மூட்டையில் பேர் எழுதி வைப்பதுதான் கடையின் ஏற்பாடு. ‘டாக்டர் வீடு’ என்று நாலு மூட்டை இருக்கும். ‘மாடி வீட்டு அக்கா’ என்று எத்தனை இருக்கும் என்பது அந்த அக்காக்களுக்கே வெளிச்சம். எது யாருடையது என்று மோப்பம் பிடித்து எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம் நம்மவருக்கு. வாரம் பூராவும் ஆபீசில் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு, லீவு நாளில் அடுத்தவன் போர்வைக்குள் தலையை விட்டால் மனுஷன் என்னதான் ஆவான்?

அதனால் கடைக்கென்றே ஒரு புரோகிராம் எழுதினார். இரண்டு போன். வாசல் கவுண்டரில் மனைவி கையில் ஒன்று, பக்கத்து ஜன்னலில் கொழுந்தியாள் கையில் ஒன்று. பட்டனைத் தட்டினால் மூட்டைக்குப் புது நம்பர் வரும். அ-1, அ-2 என்று வரிசையாகப் போகும். ‘அ’ நிறைந்ததும் ‘ஆ’ ஆரம்பிக்கும். வந்த நம்பரை மூட்டையில் ஒரு சீட்டு, ஆளிடம் ஒரு சீட்டு என்று கொடுத்துவிட்டால் தீர்ந்தது. சீட்டைக் காட்டினால் மூட்டை. மோப்பத்துக்கு வேலையே இல்லை.

மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப நீங்க இல்லாமலே நடக்கும்?”

“நான் இல்லாமலே நடக்கும்.”

“மூளைன்னா மூளைதாங்க உங்களுக்கு” என்றாள். கொழுந்தியாளும் தலையை ஆட்டி ஒத்து ஊதினாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தை காதில் விழாத மனுஷர் அப்படியே குளிர்ந்துபோனார். அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விட்ட குறட்டை கடை வரைக்கும் கேட்டதாகக் கொழுந்தியாள் பின்னால் சொன்னாள்.

இந்தச் சுகத்தைக் கெடுக்க ஒரு நாள் சாயங்காலம் ஒரு வக்கீல் வந்து சேர்ந்தார்.

வந்தவர் கையில் ஒரு கறுப்புக் கோட்டு. முகம் அதைவிடக் கறுத்திருந்தது. முந்தின நாள் இங்கே சலவை முடிந்து வாங்கிப் போன கோட்டைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். வாதாடும்போது வியர்த்துக் கொட்டவே, கைக்குட்டைக்காக உள்பையில் கை விட்டிருக்கிறார். சிவப்பாக ஒன்று வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் வந்தது. மஞ்சளுக்குப் பின்னால் பச்சை. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்ததாம். நிறுத்தவும் தெரியாமல், திருப்பி உள்ளே திணிக்கவும் முடியாமல், நீதிபதி கண்ணெதிரே மேஜை கொள்ளாத அளவுக்கு உருவிக் குவித்திருக்கிறார்.

அந்தக் கோட்டு மேடையில் வித்தை காட்டுகிறவருடையது. பையில் எது கிடைத்தாலும் துவைத்து, இஸ்திரி போட்டு, எடுத்த பையிலேயே திருப்பி வைப்பது கடையின் நாணயம். இரண்டு கோட்டிலும் குத்தியிருந்த சீட்டு அ-117. வக்கீலின் சீட்டும் அ-117. வித்தைக்காரர் சீட்டும் அ-117.

உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று புரோகிராமர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடை மானமும் போச்சு, தூக்கமும் போச்சு. மறுபடியும் போர்வைக் குவியல்தான் என்று நினைக்கும்போது அழுகையே வந்துவிட்டது.

மனைவி பதறவில்லை. வக்கீலுக்கு நாற்காலி போட்டாள், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள், கடைசி வரைக்கும் பேசவிட்டாள். பிறகு கேட்டாள்:

“கேஸ் என்னாச்சு சார்?”

“வாய்தா கேட்டிருந்தேன். மூணு தடவை தரமாட்டேன்னுட்டார் அந்த நீதிபதி.”

“இன்னைக்கு?”

வக்கீல் கொஞ்சம் தயங்கினார். “சிரிச்சுச் சிரிச்சு அவருக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. குடுத்துட்டார்.”

“அப்புறம் என்ன சார்?” என்றாள் மனைவி.

வக்கீல் யோசித்துப் பார்த்தார். யோசிக்க யோசிக்க அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தன் கோட்டை வாங்கிக்கொண்டு போகும்போது, வித்தைக்காரர் கோட்டை இன்னொரு தடவை கொடுப்பீர்களா என்று கேட்காத குறைதான். கதவுக்குப் பின்னால் இருந்தவர், இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொள்ள நாம் என்ன புண்ணியம் செய்தோமோ என்று உருகி நின்றார்.

உருகி முடித்ததும் புரோகிராமைப் பிரித்துப் போட்டார். பட்டனைத் தட்டினால் அது கடைசி நம்பரைப் பார்த்து ஒன்றைக் கூட்டும், அவ்வளவுதான். மனைவியும் கொழுந்தியாளும் ஒரே சமயத்தில் தட்டியிருக்கிறார்கள். இரண்டு போனும் கடைசி நம்பர் 116 என்று பார்த்திருக்கின்றன. இரண்டும் ஒன்றைக் கூட்டி 117 என்று கொடுத்துவிட்டன. இது வீட்டுக் குளியலறை மாதிரி. ஒருத்தர் உள்ளே போனால் தாழ்ப்பாள் போடவேண்டும், வெளியே வரும்வரை அடுத்தவர் காத்திருக்கவேண்டும். நம்மவர் தாழ்ப்பாளே வைக்காமல் கட்டிவிட்டார்.

அன்றே தாழ்ப்பாள் வைத்தார். ஒரு நம்பரைக் கொடுத்து முடிக்கும் வரை அடுத்த ஆள் வெளியே நிற்கவேண்டியதுதான். போதாததற்கு, கொடுத்த நம்பர் மறுபடி வந்தால் உள்ளேயே சேர்க்காதே என்று நம்பர்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேசுக்கும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தார். பிறகு மனைவியையும் கொழுந்தியாளையும் ஒன்றாகத் தட்டச் சொன்னார். தட்டினார்கள். கை வலிக்கும்வரை தட்டினார்கள். ஒரு நம்பர்கூட இரட்டிக்கவில்லை.

மனைவி கண் விரிய அவரைப் பார்த்தாள். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அவரைக் காட்டி, இவர் மூளைதான் இதெல்லாம் என்றாள். வக்கீல் வேறு போகிற இடமெல்லாம் கோர்ட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்ததில், வாசலில் கூட்டம் இரண்டு பங்காகிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம், வாடிக்கைக்காரர்கள் நடுவில் வைத்து அவள் கேட்டாள்:

“ஏங்க, மூணாவதா ஒரு கவுண்டர் போட்டாலும் உங்க புரோகிராம் தாங்குமா?”

“மூணா? முந்நூறு போடு. எத்தனை பேர் வேணும்னாலும் உக்காரலாம். ஒரு நம்பர் ரெண்டு தடவை வரவே வராது.”

“ஆளுக்கு ஒரு போன் மட்டும் போதுமா?”

“போனும் பட்டனைத் தட்ட ஒரு விரலும் இருந்தா போதும்.”

கூட்டம் வாயைப் பிளந்தது. ஒரு பெரியவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நம்மவர் தரையில் கால் பாவாமல் உள்ளே போய்ப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் யாரோ தோளைத் தொட்டார்கள். கண்ணைத் திறந்தால் மனைவி. ஒரு கையில் காப்பி, மறு கையில் புத்தம் புது போன். ஜன்னல் வழியே பார்த்தார். வாசலில் ஒரு புது மேஜை, ஒரு நாற்காலி, அதற்கு முன்னால் தெருமுனை வரை மூட்டையும் முடிச்சுமாக ஒரு வரிசை.

“யாரும்மா அங்க உக்காரப் போறது?” என்று ஈனக்குரலில் கேட்டார்.

“எத்தனை பேர் வேணும்னாலும் உக்காரலாம்னு நேத்து ஊரைக் கூட்டி நீங்கதானே சொன்னீங்க” என்றாள் மனைவி, போனை அவர் கையில் வைத்து. “வந்து உக்காருங்க.”