பச்சைக் காரின் வலது கதவு

கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

வெர்லின் ஸ்டாஸ்கோ அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு, வேண்டுமென்றே கழற்றியவர் போலத் துணியால் துடைத்து, பெஞ்சின் மேல் வைத்தார்.

"இதுதான் முதல் வேலை," என்றார் மகனிடம்.

"உடைஞ்சு போச்சேப்பா!"

"உடையல. கழண்டு குடுத்திருக்கு. ரெண்டும் வேற வேற."

ரஸல் பயபக்தியோடு தலையாட்டினான். நாற்பது தாண்டியவன், ஆல்டர் க்ரீக்கில் பெயரெடுத்த பல் டாக்டர். பாதி ஊர் அவன் முன்னால் வாயைத் திறந்து கொண்டுதான் படுத்திருக்கும். ஆனால் அப்பா கார் விஷயமாக வாயைத் திறந்தால் மட்டும் அவன் ஏழு வயதுப் பையனாகிவிடுவான்.

வினை பிடித்ததே அந்த ஏழு வயதில்தான். பள்ளிக்கூடத்தில் ஒருவன் அப்பா கரடி சுட்டவராம், இன்னொருவன் அப்பா பனிச்சறுக்கில் கோப்பை வாங்கியவராம். "எங்கப்பா தபால் குடுக்கறார்" என்று சொல்லிவிட்டு ரஸல் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தான். வெர்லினுக்கு அது பொறுக்கவில்லை. "அழாதடா. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா என்ன கார் வெச்சிருந்தேன் தெரியுமா?" என்று ஆரம்பித்தார். பச்சை நிறம், எட்டு சிலிண்டர், அறுபத்தொன்பதாம் வருடத்து மசில் கார், பாய்வதற்கென்றே செய்த வண்டி. எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் மிச்சிகனில் ஆளுக்கொரு கட்சி கட்டிக்கொண்டு அடிக்க வருவார்கள்.

அப்படி ஒரு கார் இருந்தது நிஜம். அது டுவேன் புரூஸ்கியின் கார் என்பதும் நிஜம். வெர்லின் அப்போது கார் கழுவும் கடையில் வேலை பார்த்தார். சனிக்கிழமைதோறும் டுவேன் காரைக் கொண்டு வந்து விடுவான். வெர்லின் சோப்பு போட்டுத் தேய்ப்பார். யாரோ ஒரு பெண் தின்றுவிட்டுக் காருக்குள் தரையில் போட்ட பட்டர்ஸ்காட்ச் மிட்டாய்க் காகிதங்களைப் பொறுக்கிப் போடுவார். அவருக்கும் அந்தக் காருக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

கதை மட்டும் வருடா வருடம் நவம்பர் மாத நன்றி விருந்தில் வான்கோழியோடு சேர்ந்து மேசைக்கு வந்தது, ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொழுத்து. எஞ்சினைத் தானே பிரித்துப் பூட்டினதாகவும் ஆயிற்று. மனைவி லொரீனிடம், அவளைச் சந்திப்பதற்கு முந்தின வருடம்தான் அதை விற்றுவிட்டதாகச் சொல்லி வைத்திருந்தார். அவளும், "பாவம், நல்ல கார்" என்று சொல்லிவிட்டு உருளைக்கிழங்கை அடுத்தவருக்கு நகர்த்துவாள்.

போன இலையுதிர் காலத்தில், அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்று, ரஸல் ஒரு டிரெய்லரில் துருப்பிடித்த பச்சைக் கார் ஒன்றை இழுத்து வந்து வாசலில் நிறுத்தினான்.

"உங்க கார் மாதிரியே ஒண்ணுப்பா! பக்கத்து ஊர்க் களஞ்சியத்துல கெடந்துச்சு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து புதுசாக்கப் போறோம்!"

வெர்லின் கார் ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். டாஷ்போர்டில், சுருட்டு சுட்ட ஒரு வடு. டுவேனின் சுருட்டு. எத்தனை சனிக்கிழமை தேய்த்தும் போகாத வடு. 'மாதிரி' எல்லாம் இல்லை. "அதே கார்தான்," என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டார். அவர் கண்ணில் நீர் வந்தது. ரஸல் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கட்டிக்கொண்டான். டுவேன் அரிசோனாவுக்குக் குடிபோய், வெயில் காய்ந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டான் என்பது ஒன்றுதான் வெர்லினுக்கு ஆறுதல்.

எஞ்சினை ரஸலே ஒரு பட்டறைக்கு அனுப்பிவிட்டான். மற்றதற்கெல்லாம் அப்பாவிடம் யோசனை கேட்டான். எது கேட்டாலும், "அதை அவசரப்படுத்தக் கூடாது" என்றார் வெர்லின். அந்த ஒரே வாக்கியத்தில் குளிர்காலம் முழுவதையும் ஓட்டினார். பெயிண்ட் ஆயிற்று, சீட் ஆயிற்று. வரும் சனிக்கிழமை பிரதான வீதியில் பழைய கார் ஊர்வலம். ரஸல் பெயர் கொடுத்துவிட்டான்: முதல் சொந்தக்காரரே ஓட்டுகிறார், பக்கத்தில் மனைவி. அவள் ஏற வேண்டிய இந்த வலது கதவு மட்டும்தான் பாக்கி. அது திறக்க மறுத்தது.

"அந்தக் காலத்துல எப்படிப்பா திறப்பீங்க?"

"நான் திறந்ததே இல்லையே," என்றார் வெர்லின். அன்றைக்கு அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

உள்பக்கத்துப் பலகையைக் கழற்றினால் தெரிந்துவிடும் என்றார். கழற்றினார்கள். கண்ணாடி 'தடால்' என்று கதவுக்குள்ளே விழுந்தது. ரஸல் பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து வந்து உள்ளே விட்டுப் பார்த்தான்.

"பின்னாடி ஒரு கொக்கி இருக்குப்பா. கடைவாய்ப் பல் மாதிரி உள்ள தள்ளி. என் கை போகாது. உங்க கை ஒல்லி."

வெர்லின் இடது கையை விட்டார். கை போயிற்று. வரவில்லை.

"இழுங்கப்பா!"

"இழுத்துக்கிட்டுத்தாண்டா இருக்கேன்!"

சமையலறையிலிருந்து பாத்திரம் கழுவும் சோப்பு வந்தது. அதை ஊற்றியதில் கை இன்னும் இரண்டு விரல் கீழே வழுக்கிப் போயிற்று. ரஸல் பயந்துபோய்த் தீயணைப்புப் படைக்குப் போன் செய்தான். படை என்றால் பக்கத்து வீட்டுக் கிளெம்மும் அவன் மச்சானும்தான். பக்கத்து வீட்டிலிருந்து வர ஒரு வண்டி, அதில் சைரன் வேறு. தெருவே கூடிவிட்டது.

கிளெம் இரும்பு வெட்டும் பெரிய கத்திரியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஒரு நிமிஷ வேலை. கதவ வெட்டிடறேன்."

"ஐயோ, கிளெம்! அது ஒரிஜினல் கதவு!" ரஸல் நடுவில் பாய்ந்தான். "இந்த மாநிலத்துலயே இன்னொண்ணு கிடைக்காது!"

"அப்ப கை?"

ரஸல் ஒரு கணம் யோசித்தான். யோசித்தானே!

"கையும் ஒரிஜினல்தாண்டா!" என்று கத்தினார் வெர்லின். கத்திய வேகத்தில் விரல்களை முறுக்கினார். சிக்கியிருந்தது அவருடைய கல்யாண மோதிரம்தான். அது சோப்பில் வழுக்கிக் கழன்றது. கை வெளியே வந்தது. மோதிரம் கதவின் அடியாழத்தில் 'ணங்' என்று விழுந்தது.

கூட்டம் கைதட்டியது. வெர்லின் கையைச் சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அந்த மோதிரத்தை மீட்க நடந்த முயற்சிகளைச் சொல்லி மாளாது. காந்தம் போட்டான் ரஸல். "தங்கத்துக்குக் காந்தம் போடற டாக்டர் நீதாண்டா," என்றார் அப்பா. கைப்பிடியைப் பசை போட்டு ஒட்டினார்கள், பார்வைக்கு மட்டும். கண்ணாடி விழுந்தது விழுந்ததுதான். லொரீன் பார்த்துவிடக் கூடாதென்று வெர்லின் சாப்பிடும்போதுகூடத் தோல் கையுறை போட்டுக்கொண்டார்.

"ஜூலை மாசத்துல எதுக்கு கையுறை?" என்றாள் லொரீன்.

"பழைய கார் ஓட்டறவங்க இப்படித்தான் போடுவாங்க."

"ஓ," என்றாள் அவள், வழக்கம் போல.

ஓட்டுவது என்றதும்தான் அவருக்கு இன்னொரு பயம் பிடித்தது. தபால் வேலை பார்த்த முப்பது வருடமும் அவர் ஓட்டிய வண்டி தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஜாதி. கிளட்ச் என்பதை அவர் வாழ்க்கையில் மிதித்ததில்லை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, போனில் வீடியோ பார்த்து, எடை பார்க்கும் மெஷினைக் கிளட்ச்சாக வைத்து மிதித்துப் பழகினார். மெஷின் உடைந்தது. சனிக்கிழமை காலை, மகனிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றே முடிவு செய்து வாசலுக்கு வந்தார்.

ரஸல் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றான். தொப்பியில் 'அப்பாவின் கார்' என்று எழுதியிருந்தது. தன் மகனுக்கும் ஒன்று வாங்கியிருந்தான்.

"அப்பா, ஒண்ணு சொல்லவா? ஏழு வயசுல நீங்க அந்தக் கதைய சொன்ன அன்னிக்குத்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு. இவரு பையன் நானுன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு பள்ளிக்கூடம் போனேன்."

வெர்லின் சொல்ல வந்ததை விழுங்கினார். இந்தப் பிள்ளையின் கண்ணில் தான் சின்னவனாகிவிடக் கூடாது, அதற்கு வீதி நடுவில் மானம் போனாலும் சரி என்று ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

லொரீன் மஞ்சள் கவுனில் வந்தாள்.

"அம்மா, அந்தக் கதவு திறக்காதும்மா," என்றான் ரஸல். "அப்பாவ இறங்கச் சொல்லு. இந்தப் பக்கமா ஏறி, கியரத் தாண்டி…"

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டு நான் கியரத் தாண்டறதா? நீ போய் உன் வண்டிய எடு, போ."

ரஸல் பின்னால் வரும் தன் வண்டிக்கு ஓடினான். லொரீன் காரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். ஒட்டுப்போட்ட கைப்பிடியை அவள் தொடவே இல்லை. லேசாகத் திரும்பி, இடுப்பால் கதவில் ஒரு இடி இடித்தாள்.

கதவு திறந்தது. அடியில் துருப்பிடித்த ஓட்டை வழியாக மோதிரம் கீழே விழுந்து அவள் காலடியில் உருண்டது.

"அம்மா, எப்படிம்மா?" பின்னாலிருந்து ரஸல் கூவினான்.

"அதிர்ஷ்டம்டா!" என்று திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிட்டு, மோதிரத்தைப் பொறுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். வெர்லினின் கையுறையை உருவி, ஒன்றும் கேட்காமல் மோதிரத்தை விரலில் மாட்டினாள். 

எப்படியோ உருட்டிக்கொண்டு பிரதான வீதிக்கு வந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. "அடுத்ததாக," என்று ஒலிபெருக்கி முழங்கியது, "இந்தக் காரின் முதல் சொந்தக்காரர், வெர்லின் ஸ்டாஸ்கோ!" கைதட்டல் வானைப் பிளந்தது. பின்னால் ரஸல் ஹாரனை அமுக்கிக்கொண்டே அழுதான்.

வெர்லின் இரண்டாவது கியருக்குத் தள்ளினார். 'கர்ர்ர்ர்' என்று எலும்பு நொறுங்குவது போல ஒரு சத்தம். கார் குலுங்கியது. முன்வரிசையில் ஒரு நாய் எழுந்து ஓடியது.

லொரீன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி கையசைத்தாள். கைப்பையிலிருந்து ஒரு பட்டர்ஸ்காட்ச் மிட்டாயை எடுத்துப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, காகிதத்தைத் தரையில் நழுவவிட்டாள்.

"கிளட்ச்ச முழுசா மிதி, வெர்லின்," என்றாள், சிரிப்பு மாறாமல். "டுவேன் அப்படித்தான் மிதிப்பான்."