பிறக்கும்போதே வயதான என் மகள்

எல்லா அப்பாக்களும் மகளை முதன்முதலாகப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள். நான் குற்றவுணர்ச்சியில் அழுதவன். அதுவும் பிரசவ வார்டு வாசலில், பத்துப் பேர் பார்க்க.

அப்போது எனக்கு விழுப்புரத்தில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் வேலை. மூட்டை இறக்குவதும் நான்தான். பக்கத்து ஊரான காணையிலிருந்து வரும் கரும்பு விவசாயிகளிடம் விஞ்ஞானி போலப் பேசுவதும் நான்தான். சாயங்காலம் சட்டையை உதறினால் கொசு செத்து விழும் (சரி, மயங்கியாவது விழும்). அந்தச் சட்டைகளைத் துவைத்தது, ஐந்து மாதக் கர்ப்பிணியான என் மனைவி செல்வி.

ஒருநாள் கடைக்காரர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடந்தது. தாயின் உடம்பில் சேரும் நஞ்சு, வயிற்றிலிருக்கும் குழந்தையின் மரபணுக்கள்மீது தடம் பதிக்கலாம், சில குழந்தைகளின் செல்கள் பிறக்கும்போதே வயதை மீறி முதிர்ந்திருக்கலாம் என்றார் ஒரு டாக்டரம்மா. செல்வி துவைக்கும் என் சட்டைகள்தான் நினைவுக்கு வந்தன. எழுந்து வெளியே போய்விட்டேன். அது ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும், முகத்தில் தெரியாது என்று அவர் அடுத்துச் சொன்னாராம். (நான் அப்போது போண்டா வரிசையில் முதல் ஆள்.)

மறுநாளே செல்வியைத் திண்டிவனத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று தடவை குளித்துவிட்டுப் போய், வாசற்படியோடு நின்றுகொள்வேன்.

"எதுக்கு அங்கயே நின்னுக்கினு இருக்கீங்க? புள்ள உதைக்குது. கை வெச்சுப் பாருங்க."

"பரவால்ல, நீயே பாரு" என்றேன். காரணத்தைச் சொன்னால் பயந்துவிடுவாளே என்று சொல்லவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிரசவமானது. மாமியார் குழந்தையை ஏந்திக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சுருக்கம். நெற்றியில் மூன்று கோடு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை போல ஒரு முறைப்பு. தொலைந்தது என்று அழுதபடி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். மாமியார் பழக்கதோஷத்தில், "நல்லா இருங்க மாப்ள" என்று ஆசீர்வதித்தார்.

"உங்க கால்ல இல்லங்க, புள்ள கால்ல. மருந்துச் சட்டைய அவளத் தொவைக்க வெச்சு, நான்தான் இதுக்கு வயசாக்கிட்டேன்."

நர்ஸ் ஓடி வந்தார். "எழுந்திரிங்க சார். பொறந்த கொழந்த எல்லாம் இப்படித்தான் இருக்கும். நாலு நாள் போனா கன்னம் உப்பிடும்."

எனக்கு முன்பே செய்தி செல்வியிடம் போய்விட்டிருந்தது. சிரித்தால் தையல் வலிக்கும் என்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதாள்.

"இதுக்குத்தான் கிட்டயே வரலையா? என்னைப் புடிக்கலன்னு நெனச்சு நாலு மாசமா அழுதுக்கினு இருந்தேன்."

அந்த உதையை நான் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா சொன்னது பொய்யில்லை. மருந்தடித்த சட்டையைக் கர்ப்பிணியிடம் கொடுக்காதீர்கள் என்று கடைக்கு வருகிற எல்லோரிடமும் இப்போதும் சொல்கிறேன். என் மகள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். மரியாதை போனது எனக்குத்தான். நேற்று, படிக்காமல் போனை நோண்டிக்கொண்டிருந்தவளை அதட்டினேன். தலையை நிமிர்த்தாமல் இரண்டு காலையும் என் பக்கம் நீட்டினாள்.

"மொதல்ல ஆசீர்வாதம் வாங்கிக்கோங்கப்பா. அப்புறம் திட்டுங்க."