சாவி, தோணி, கொய்யாப்பழம்

ஊசி போடப் படிக்கிறவள் வீட்டில் பூசணிக்காயில் பழகலாம். கட்டுப் போடப் படிக்கிறவள் தலையணைக்கு மண்டை உடைந்ததாக வைத்துக்கொண்டு பழகலாம். மனநலத் தாதியாகப் படிக்கிறவளுக்கு மட்டும் வாயுள்ள ஓர் ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆள் வாப்பா. பசாரில் புடவைக் கடை வைத்து, நாலு பேர் மதிக்க வாழ்ந்த அந்த மனிதரைக் கல்முனை முழுவதும் பைத்தியக்காரர் ஆக்கிய பெருமை என்னைத்தான் சேரும். (பேசாமல் ஊசி போட்டே பழகியிருக்கலாம். வாப்பாவுக்கு அது இவ்வளவு வலித்திருக்காது.)

தாதியர் பயிற்சியின் கடைசிக் காலம் அது. மனநல வாட்டில் நடந்த செய்முறைச் சோதனையில் நான் கோட்டை விட்டிருந்தேன். ஒரு நோயாளியோடு உட்கார்ந்து, கேட்க வேண்டியதையெல்லாம் பக்குவமாகக் கேட்டு, அவருடைய மனநிலையைச் சொல்ல வேண்டும். கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு போனவள், அந்த அம்மாவின் முகத்தைக் கண்டதும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டேன். "சாப்பிட்டீங்களா?" என்றேன். "ஓம்" என்றார். நெடுநேரம் யோசித்து, "என்ன கறி?" என்றேன். அதோடு கைவசம் இருந்த சரக்கு தீர்ந்துவிட்டது.

சோதித்த மிஸ் நல்லவர். "வீட்டில ஆரையாவது இருத்தி வச்சிக் கேட்டுப் பழகுங்க. வாய் கூசப்படாது" என்று சொல்லி, திங்கட்கிழமை இன்னொரு தடவை வரச் சொன்னார். அதிலும் தவறினால் மனநல வாட்டு என்ற கதைக்கே இடமில்லை. எனக்கோ அந்த வாட்டுத்தான் வேண்டும். மற்ற வாட்டுகளில் என்னைக் கண்டால் ஊசி என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இங்கே என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் இரிங்க மிஸ்" என்றார்கள். அந்தப் பிடியை என்னால் மறக்க முடியவில்லை.

உம்மாவுக்கு இந்த ஆசை அறவே பிடிக்கவில்லை. "பைத்திய வாட்டு நேர்ஸ ஆருகா கலியாணம் முடிப்பான்? புள்ள பெறுற வாட்டுக்குக் கேளு" என்று ஒரே பிடியாக நின்றார். வாப்பா எந்தப் பக்கமும் சாயவில்லை. "புள்ள முதல்ல பாஸாகட்டும். மறுகா பாப்பம்" என்றார். ("மறுகா" என்றால் எங்கள் பக்கத்தில் "பிறகு". எப்போது என்று கேட்கக்கூடாது.)

இதற்கிடையில் சம்மாந்துறையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் எந்த வாட்டுக்கு ஆசைப்படுகிறேன் என்பதை உம்மா அவர்களிடம் மூச்சுக்கூட விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் போய்வந்து பகல் சோறு முடிந்த கையோடு வாப்பாவைப் பிடித்தேன். "நேர்ஸெண்டா உடுப்போட வா. சும்மா வந்து கேட்டா நான் செல்லமாட்டன்" என்று நிபந்தனை போட்டார். வெள்ளைச் சீருடையை மாட்டிக்கொண்டு வந்து, மண்டபத்தில் அவருக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

"உங்கட பேரென்ன?"

"உம்மா வெச்சதையா, கூட்டாளிமாரு வெச்சதையா?"

"வாப்பா!"

"செரி, செரி. கேளு."

"நான் மூணு சாமான்ட பேர் செல்லுவன். மனசில வெச்சிரிங்க. கடைசியில திருப்பிக் கேப்பன். சாவி, தோணி, கொய்யாப்பழம்."

ஞாபகம் எப்படியிருக்கிறது என்று பார்க்கும் கேள்வி இது. வாப்பா மூன்றையும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, "கொய்யாப்பழம் நல்லதா?" என்று கேட்டார்.

இன்று என்ன கிழமை என்றேன். "ஜும்மாத் தொழுதுட்டு வந்து இப்பதானே சோறு திண்டன்" என்றார். நித்திரை வருகிறதா என்றேன். "நீ எழும்பிப் போனா இப்பவே வரும்" என்றார். எதைக் கேட்டாலும் காய்ந்த நெல்லைக் கடித்த மாதிரி நறுக்கென்று பதில். கேட்கக் கேட்க என் முகம் தொங்கிவிட்டது.

"என்னகா மகள்?"

"எல்லாத்துக்கும் சரியாச் செல்றீங்க வாப்பா. வருத்தக்காரர் இப்பிடிச் செல்லமாட்டாங்க. நான் எப்பிடிப் பழகுற? திங்கக்கிழமையும் பெயில்தான்." ("வருத்தம்" என்றால் எங்கள் பக்கத்தில் நோய்.) எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

கடைக்கு வந்த ஆளையே வெறுங்கையோடு அனுப்பாதவர், பெற்ற மகளை அனுப்புவாரா? "பொறு" என்று எழுந்தார். கொடியில் கிடந்த துவாயை எடுத்துத் தலையில் சுற்றிக் கட்டினார். பெனியனை மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "இப்பக் கேளு."

"வருத்தக்காரர் தலையில துவாய் கட்டுறதில்ல வாப்பா."

"என்ட வருத்தத்த நீ செல்லித் தராத. கேளு!"

கேட்டேன். தனியாக இருக்கும் நேரம் யாராவது கதைக்கிற சத்தம் கேட்கிறதா என்றேன்.

"கேக்குது." குரலே மாறிவிட்டது. "கடையப் பூட்டினாப் போதும், சீலைகள் எல்லாம் அழுகுது. எங்கள வித்துராத, எங்கள வித்துராத எண்டு ஒரே ஒப்பாரி. அதிலயும் அந்த மஞ்சள் சீல இரிக்கே, அது என்ட பேரச் செல்லி அழுகுது!"

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வாய் கூச்சம் போன இடம் தெரியவில்லை. கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன். தெருக் கடப்படியில் ஒரு வான் வந்து நின்றது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கவேயில்லை. சம்மாந்துறைக்காரருக்கு வாகனம் நேரத்தோடு கிடைத்துவிட்டதாம். அஸருக்கு முன்னமே வந்து, திறந்து கிடந்த வாசலில் நின்று, ஸலாம் சொல்ல இடைவெளி தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"உங்களுக்கு ஆராவது கெடுதி செய்யப் பாக்கிறாங்களா?" என்று உரத்துக் கேட்டேன்.

வாப்பா எழும்பியே விட்டார். "பாக்கிறாங்க! இந்த ஊட்டுக்குள்ளயே ஒரு ஆள் இரிக்கா! சோத்துக்குள்ள என்னத்தையோ போட்டுப் போட்டுத் தாறா!" என்று குசினிப் பக்கம் கையை நீட்டினார்.

நீட்டிய பக்கத்திலிருந்து உம்மா அகப்பையும் கையுமாக வந்தார். அவருடைய பார்வை எங்களைத் தாண்டி வாசலுக்குப் போனது. அகப்பை கீழே விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் உம்மா, அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் மாமா. மாமா இனிப்புக்குக் கொண்டுவந்த வட்டிலப்பச் சட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஸலாம் சொல்லி உள்ளே அழைக்க வேண்டிய நான், "வாப்பாக்கு ஒண்டுமில்ல! நடிக்கிறாரு!" என்று கத்தினேன்.

இப்படிக் கத்தாத குடும்பம் உலகத்தில் உண்டா? வாட்டுக்கு ஆளைக் கூட்டி வருகிறவர்களில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். வாப்பா நிலைமையைச் சரிசெய்ய முன்வந்தார். துவாயை அவிழ்க்காமலே, "ஓம் ஓம், எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. உள்ளுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்!" என்றார்.

சோற்றைப் பற்றி அவர் சொன்னதை அவர்கள் இப்போதுதான் கேட்டிருந்தார்கள்.

"இல்ல, இல்ல, மறுகா வாறம்" என்றபடி மாமா பின்பக்கமாகவே படியிறங்கினார். வட்டிலப்பமும் அவரோடு போய்விட்டது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருகிறவர். அழும் சீலைகளோடும் துவாய் கட்டிய மாமனாரோடும் ஒரே கூரையின் கீழ் யார் பிள்ளையைக் குடிவைப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இஷாத் தொழுகைக்கு முன்னம் ஊருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் தோடம்பழமும் பிஸ்கட்டுமாக ஆட்கள் வந்தார்கள். வாப்பா எல்லாருக்கும் நடந்ததை விளக்கினார். அவர் விளக்க விளக்க, "ஓம் ஓம், நீங்க கதைக்காமப் படுங்க" என்று முதுகைத் தடவினார்கள். பக்கத்து வீட்டு மாமி ஓதின தண்ணீர் ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தார். வாப்பா மறு பேச்சில்லாமல் குடித்தார். "குடிக்காட்டி வருத்தம் கூடிட்டெண்டு செல்லுவாங்க மகள்" என்றார் என் காதுக்குள். கடையில் எவரும் விலை குறைக்கக் கேட்கவில்லையாம். சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் போனார்களாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உம்மா மட்டும் என்னோடு கதைக்கவில்லை.

ஞாயிறு மாலை மஃரிபு தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போய் வந்தவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தார். நான் பிளேன்டீ கொண்டுபோய் வைத்தேன்.

"தோளோட தோள் முட்டித்தானே மகள் தொழுகைக்கு நிக்கிற?" என்றார். "இண்டைக்கி என்ட ரெண்டு பக்கத்தாலயும் இடம் உட்டு நிண்டாங்க."

"என்னாலதான் வாப்பா" என்றேன்.

"உன்னச் செல்லல்ல. நான் நடிச்ச ஆள். எனக்கே நெஞ்சுக்குள்ள என்னமோ செஞ்சிட்டு. மெய்யா வருத்தம் வந்தவனுக்கு எப்பிடி இரிக்கும்? அவன்ட பக்கத்தில ஆரு போய் நிக்கிற?" பிளேன்டீயை எடுத்து ஒரு மிடறு குடித்தார். "நீ போ மகள். பாஸாகி அந்த வாட்டுக்கே போ."

குசினி வாசலில் உம்மா நின்றதை நான் கவனிக்கவில்லை. "ஆரு இடம் உட்டு நிண்டவன்? பேரச் செல்லுங்க!" என்று சீறிக்கொண்டு வந்தார். "என்ட மனுசனுக்குப் பக்கத்தில நிக்க மாட்டானாமா?" வாப்பா பேர் சொல்லவில்லை. உம்மா என் பக்கம் திரும்பினார். "நீ என்னகா பாத்துட்டு நிக்கிறாய்? நாளைக்குச் சோதினை இல்லியா? போய்ப் படி!"

இரண்டு நாளுக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் வார்த்தை அது. அறைக்குள் போய் நன்றாக அழுதேன்.

திங்கட்கிழமை எனக்குக் கிடைத்தவர் வாப்பாவின் வயதுக்காரர், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மிஸ் என் கதிரையை எட்டத்தில் போட்டிருந்தார். நான் அதைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன். வாய் கூசவில்லை. அவர் காதில் கேட்கும் குரல்களைப் பற்றிக் கேட்டேன், அவரும் மெதுவாகச் சொன்னார். எழும்பப் போன என் கையைப் பிடித்து, "கொஞ்சம் இரிங்க மிஸ்" என்றார். தேறிவிட்டேன்.

இப்போது அந்த வேலைக்கு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. பிறகு என்னைக் கலியாணம் முடித்தவர் நிந்தவூர்க்காரர். எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது வாப்பாவிடம், "மஞ்சள் சீல இப்பவும் அழுகுதா மாமா?" என்று கேட்டார். வாப்பா அந்த இடத்திலேயே சம்மதம் சொல்லிவிட்டார்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அன்றைய அமளியில் அந்த மூன்று சொற்களையும் நான் திருப்பிக் கேட்கவேயில்லை. வாப்பா விடவில்லை. என் நிக்காஹ் அன்று காதுக்குள் சொன்னார், சாவி, தோணி, கொய்யாப்பழம் என்று. பிள்ளை பெற்றுக் கிடந்த கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து சொன்னார். டெலிபோன் எடுத்தால் ஸலாத்துக்கு அடுத்த வார்த்தை அதுதான். "நீ இன்னும் கேக்கல்ல" என்பார். "இன்னும் நேரம் வரல்ல வாப்பா" என்பேன்.

போன கிழமை இரவு நேரப் பணிக்குப் போக உடுத்திக்கொண்டிருந்தபோது வாப்பா டெலிபோன் எடுத்தார். வயதாகிவிட்டது, குரலில் கொஞ்சம் நடுக்கம். "சாவி, தோணி..." என்றார். நின்றுவிட்டார். "மத்தது என்ன மகள்? வருகுதில்லையே" என்றார்.

இந்தக் கேள்வியை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். மூன்றாவது வராதபோது அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். உடுத்தது பாதியில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். "வாப்பா, மெதுவா யோசிங்க வாப்பா" என்றேன்.

அப்போது அந்தப் பக்கம் தூரத்திலிருந்து உம்மாவின் குரல் கேட்டது.

"வாப்பாக்கு ஒண்டுமில்லகா! நடிக்கிறாரு! கொய்யாப்பழத்தக் கையில வெச்சித் திண்டுட்டுத்தான் இரிக்காரு!"